சேர்ந்து ஆர்டர் எடுக்கும் பட்டறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீனியாவில் டர்னிங் (லேத்தில் கடைவது), ஓசூரில் ஹீட் ட்ரீட்மென்ட் (ஃபர்னஸில் சூடேற்றிக் கடினமாக்குவது), பொம்மசந்திராவில் கிரைண்டிங் (வீலால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது). இப்படி மூன்று நான்கு சின்ன யூனிட்கள் சேர்ந்து ஒரே ஆர்டரை முடித்துக் கொடுப்பது பெங்களூரைச் சுற்றி இன்று சர்வசாதாரணம். இந்த யூனிட்களுக்கு நடுவே ஓடியாடி ஒருங்கிணைப்பது என் வேலை. தமிழ் பேசும் முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பொதுவான விளக்கம். கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

எல்லாரும் தெரிந்தவர்கள், பாதிப் பேர் ஒரே ஊர்க்காரர்கள். எதற்கு எழுத்து?

முதலாளிகள் இருவரும் மாமன் மச்சானாகவே இருக்கலாம். ஆனால் டிராயிங்கைத் திறந்து வேலை பார்ப்பது அவர்கள் இல்லையே. நைட் ஷிஃப்டில் இருக்கும் புரோகிராமர், இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் இருக்கும் பையன், சலான் போடுகிறவர், இவர்களுக்கு உங்கள் உறவெல்லாம் தெரியாது. ஆறு மாதத்தில் பாதி ஆட்கள் மாறியும் விடுவார்கள். புதிதாக வருகிறவர் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. எதையும் எழுதாமல் லாபத்தை மட்டும் பங்கு போட்டுக்கொண்டே போனால், நாளைக்கு யாராவது 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தைக் காட்டி 'நீங்கள் இருவரும் பார்ட்னர்கள்' என்று வாதிட இடம் கிடைக்கும். பார்ட்னர் என்று ஆகிவிட்டால் அவர் தொழிலுக்காக வாங்கிய கடன் உங்கள் தலையிலும் விழும். அவரவர் தனித்தனி தொழில், அவரவர் வேலைக்கு அவரவர் பில் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

ஒரு என்.டி.ஏ. போட்டால் போதாதா?

பெரும்பாலானவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள், சங்கடமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. என்.டி.ஏ. என்பது எது வெளியே போகக் கூடாது என்று மட்டும் சொல்லும் தாள். சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அதைவிட முக்கியமானது எது வந்தே ஆக வேண்டும் என்பது. அதை எழுதி வைத்த ஒப்பந்தத்தை நான் பார்ப்பது அபூர்வம்.

ஒரு உதாரணம். மெல்லிய சுவர் கொண்ட ஒரு ரிங். 20எம்என்சிஆர்5 ஸ்டீல். பீனியாவில் டர்னிங் முடிந்து, போர் (நடுத் துளை) சைஸ் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டோடு போகிறது. ஓசூரில் கார்பரைஸிங் செய்து (மேற்பரப்பில் கார்பன் ஏற்றி) எண்ணெயில் குவென்ச் பண்ணுகிறார்கள், அதாவது சட்டென்று குளிர்விக்கிறார்கள். ரிங் கொஞ்சம் முட்டை வடிவம் ஆகிறது. கிரைண்டிங்குக்கு விட்டிருந்த அலவன்ஸில் (தேய்த்து எடுக்க விடும் கூடுதல் கனத்தில்) அந்தக் கோணல் அடங்கவில்லை. ஒரு பக்கம் வீல் பட்டு இறங்குகிறது, எதிர்ப்பக்கம் கறுப்பாக அப்படியே நிற்கிறது. கிரைண்டிங்காரர் டர்னிங்கைத் திட்டுகிறார், டர்னிங்காரர் மெட்டீரியலைத் திட்டுகிறார். ஆனால் ஃபர்னஸ் ஆபரேட்டருக்கு விஷயம் முதல் பேட்சிலேயே தெரியும். ட்ரேயில் ரிங்கைப் படுக்க வைத்தால் ஒரு மாதிரி வளைகிறது, கம்பியில் தொங்கவிட்டால் வேறு மாதிரி. அவரிடம் யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று அவருக்கு விதியும் இல்லை. என்.டி.ஏ.யை யாரும் மீறவில்லை, லாட் மொத்தமும் ரிஜெக்ட்.

ஆகவே ஒப்பந்தத்தில் இப்படிச் சில வரிகள் இருக்கட்டும்: ஒவ்வொரு கட்டத்திலும் முதல் பேட்சின் அளவுகள், முன்னும் பின்னும், அடுத்த யூனிட்டுக்குப் போக வேண்டும். கோளாறு கண்ணில் பட்டால் அடுத்த நாளுக்குள் போட்டோவோடு சொல்ல வேண்டும். லோடிங் முறை, எண்ணெய், கூலன்ட், இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். ரகசியம் காக்கிற வரிகளை வக்கீலே எழுதித் தருவார். இந்த வரிகளை எழுத வேண்டியது நீங்களும் உங்கள் சூப்பர்வைசரும்தான்.

என்.டி.ஏ. போடாமலே டிராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். போச்சா?

உடனே போச்சு என்று கை கழுவ வேண்டாம். வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லைதான். சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் கொடுத்த தன் 289-வது அறிக்கையில் ஒரு தனிச்சட்டம் வேண்டும் என்று வரைவோடு பரிந்துரைத்தது. அது வரும்வரை ஒப்பந்தச் சட்டமும், நம்பிக்கையில் கொடுத்ததைத் துஷ்பிரயோகம் செய்யக் கூடாது என்ற நீதிக் கொள்கையும்தான் காப்பு.

டெல்லி உயர் நீதிமன்றத்தின் 1987 வழக்கு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். கால்நடைத் தீவனம் வளர்க்கும் ஒரு மெஷினை வடிவமைத்தவர்கள், அதற்கான தெர்மல் பேனல் செய்து வாங்க ஓர் உள்ளூர் நிறுவனத்திடம் டிராயிங்குகளையும் தொழில்நுட்ப விவரங்களையும் கொடுத்தார்கள். ஆர்டர் கைகூடவில்லை. ஆனால் பேனல் செய்ய வேண்டியவர்கள் அதேபோன்ற மெஷினையே செய்யக் கிளம்பினார்கள். நீதிமன்றம் தடை போட்டது.

இதை நம்பிச் சும்மா இருக்கவும் வேண்டாம். இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதியில் இன்ன டிராயிங், இன்ன ரிவிஷன், இந்த வேலைக்கு மட்டும் கொடுத்தது, வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்று. 'சரி' என்று ஒரு பதில் வந்தால் போதும். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட அதற்கான சான்றிதழும் வேண்டும். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் எடுபடுவது கஷ்டம்.

கஸ்டமரின் டிராயிங்கை அடுத்த யூனிட்டுக்குக் காட்டலாமா?

கஸ்டமரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை ஒரு தடவை படியுங்கள், பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

சம்மதம் கிடைத்தாலும் முழு டிராயிங் தேவைப்படாது. அந்தக் கட்டத்துக்கான அளவுகளை மட்டும் வைத்து ஒரு ஸ்டேஜ் டிராயிங் போட்டுக் கொடுங்கள், டைட்டில் பிளாக்கை எடுத்துவிடுங்கள். ஆனால் ரொம்பவும் வெட்டிவிடாதீர்கள். எந்த முகத்தில் பேரிங் உட்காரும் என்று ஹீட் ட்ரீட்மென்ட்காரருக்குத் தெரியாவிட்டால், அந்த முகத்தைத்தான் ட்ரேயில் அழுந்த வைப்பார்.

எங்கள் செட்டிங் நுணுக்கத்தைச் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு அவரே எங்களுக்குப் போட்டியாக வந்துவிடுவாரே?

வரலாம். அந்தப் பயம் நியாயமானது. அதனால் எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

1987-ல் அமெரிக்காவில் 14 சிப் கம்பெனிகள் அரசு உதவியோடு செமாடெக் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அவரவர் பிராசஸ் ரகசியத்தை நடுவில் கொண்டுவந்து வைக்கத் தயங்கினார்கள், ஆரம்பத்தில் வேலை நகரவில்லை. அப்புறம் அவர்கள் பார்வை எல்லாருக்கும் பொதுவான ஒரு தலைவலிக்குத் திரும்பியது: சிப் செய்யும் மெஷின்களைச் சப்ளை செய்கிறவர்களின் தரம். அதில் தன் அனுபவத்தைச் சொல்வதால் யாருக்கும் நஷ்டம் இல்லை, அதனால் ஒத்துழைப்பு ஓடியது.

நம் பட்டறைக்கும் அது பொருந்தும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு டர்னிங் யூனிட்கள் சேர்ந்தால், கஸ்டமர் பெயரையும் சைக்கிள் டைமையும் உள்ளே வைத்துக்கொண்டு, இன்சர்ட் சப்ளையர், கேலிபரேஷன், கரன்ட், ஆள் பயிற்சி போன்ற பொது விஷயங்களைப் பேசலாம். அடுத்தடுத்த வேலை செய்யும் யூனிட்கள் கதை வேறு. ஃபர்னஸ் போட்டவர் உங்கள் செட்டிங்கைத் தெரிந்துகொண்டு லேத் வாங்கி இறங்கிவிடப் போவதில்லை. அங்கே உங்கள் பாகமும் அவர் பாகமும் தொடும் இடத்தில் இருக்கிற எதையும் மறைக்கக் கூடாது. டேட்டம் (அளவெடுக்க ஆதாரமாக வைக்கும் முகம்), அலவன்ஸ், க்ளாம்ப் பண்ணும் இடம், பர் (விளிம்பில் நிற்கும் பிசிர்) எடுக்கும் விதம் எல்லாம் பொது. உங்கள் டூல் பாதையும் புரோகிராமும் உங்களுடையதுதான்.

பயிற்சி கொடுப்பதைப் பற்றி ஒன்று. கைப்பழக்கம் தாளில் ஏறாது. ஒரு ஆபரேட்டரைப் பக்கத்து யூனிட்டில் இரண்டு ஷிஃப்ட் உட்கார வைப்பது பத்துப் பக்கம் எஸ்.ஓ.பி. (செய்முறைக் குறிப்பு) எழுதுவதைவிட வேகமாக வேலை செய்யும். அந்த இரண்டு ஷிஃப்ட் சம்பளம் யார் கொடுப்பது என்பதையும் எழுதுங்கள். இதில் நின்றுபோன நல்ல யோசனைகள் நிறைய.

அப்படியே விலையையும் பேசி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. நீங்கள் மூவரும் சேர்ந்து ஒரே பொருளைச் செய்து ஒரே கொட்டேஷன் கொடுப்பது வேறு. தனித்தனியாகக் கொட்டேஷன் கொடுக்க வேண்டிய இடத்தில் 'நீ இவ்வளவு போடு, நான் இவ்வளவு போடுகிறேன்' என்று முன்கூட்டியே பேசுவது வேறு. இரண்டாவது, 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவில் வரும் கார்டெல். அபராதம் ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தின் மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுவரவில் 10 சதவீதம் வரை, எது அதிகமோ அது. டெண்டர் பேச்சு குரூப்பில் வந்தால் நான் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்வேன். சிரிப்புக்காகப் போட்ட மெசேஜும் பதிவுதான்.

பார்ட்னர் யூனிட் என் ஆளை இழுத்துக்கொண்டால் தடுக்க முடியுமா?

வேலையை விட்டுப் போன ஆள் வேறு எங்கும் சேரக் கூடாது என்று எழுதினால் அது நிற்காது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவில் தொழிலுக்குத் தடை போடும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் வேலையில் இருக்கிற காலத்துக்குப் போடும் கட்டுப்பாடு செல்லும்.

1967-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கை இதற்குச் சொல்வார்கள். கல்யாணில் டயர் கார்டு நூல் ஆலை போட்ட நிறுவனம், ஹாலந்துக் கம்பெனி ஒன்றிடம் பணம் கொடுத்துத் தொழில்நுட்பம் வாங்கியது. உங்கள் ஆட்களிடமும் ரகசிய ஒப்பந்தம் வாங்க வேண்டும் என்பது ஹாலந்துக்காரர்களின் நிபந்தனை. ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்து பயிற்சி பெற்ற ஒருவர், இடையிலேயே விட்டுவிட்டுக் கூடுதல் சம்பளத்துக்கு ராஜஸ்தானில் அதே தொழிலுக்குப் போனார். அந்த ஐந்து வருட காலத்துக்கு மட்டும் இருந்த தடையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

நம் அளவுக்கு நடைமுறையான வழி, ஆளைக் கட்டுவதை விட்டுவிட்டு யூனிட்களுக்கு நடுவே எழுதிக்கொள்வது: வேலை நடக்கும் காலத்தில் ஒருவர் ஆளை இன்னொருவர் கூப்பிட்டுப் பேசக் கூடாது, ஆள் தானாக வந்தால் முதலில் அந்த முதலாளியிடம் ஒரு போன் போட வேண்டும். சம்பளம் சரியாகக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சில முதலாளிகளுக்கு இது பிடிப்பதில்லை.

சேர்ந்து கண்டுபிடித்த ஃபிக்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) யாருக்குச் சொந்தம்?

இரும்பும் யோசனையும் தனித்தனி. இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

இரும்பு: ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலிக்கு வேலை செய்து வாங்க) அனுப்பும் மூலப்பொருள் ஒரு வருடத்தில், மெஷின் மாதிரியான மூலதனப் பொருள் மூன்று வருடத்தில் திரும்பி வர வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-வது பிரிவு கெடு வைக்கிறது. மோல்டு, டை, ஜிக், ஃபிக்சர், டூல் ஆகியவற்றுக்கு மூன்று வருடக் கெடு இல்லை. வசதிதான். ஆனால் சட்டம் கெடு வைக்காததால் ஃபிக்சர் அங்கேயே தங்கிப் போகிறது, பெயின்ட் அடித்து வேறு நம்பர் போட்டதும் அது யாருடையது என்றே தெரியாது. அனுப்பும்போதே உங்கள் பெயரையும் நம்பரையும் அதில் எம்போஸ் பண்ணி, சலானில் அந்த நம்பரை எழுதி, திரும்பும் தேதியையும் நீங்களே போடுங்கள்.

யோசனை: உண்மையிலேயே புதுமை என்றால் காப்புரிமைக்குப் போகலாம். வெளியே காட்டுவதற்கு முன் விண்ணப்பம் போட வேண்டும். தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும். 'இருவர் பெயரிலும் போட்டுக்கொள்வோம்' என்பது கேட்க நன்றாக இருக்கும். காப்புரிமைச் சட்டம் 50-வது பிரிவுப்படி, வேறு ஏற்பாடு எழுதாவிட்டால், ஆளுக்குச் சமபங்கு. ஒருவர் அதை வைத்துத் தானே தொழில் செய்து சம்பாதிக்கலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டாம். ஆனால் மூன்றாவது ஆளுக்கு லைசென்ஸ் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ மற்றவர் சம்மதம் வேண்டும். அதாவது பெரிய யூனிட் தானே ஓட்டிக்கொள்ளும், மெஷின் இல்லாத சின்ன யூனிட்டால் லைசென்ஸ் கூடக் கொடுக்க முடியாது. நீங்கள் அந்தச் சின்ன யூனிட் என்றால் லைசென்ஸ் உரிமையை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

டிராயிங்கை வெளியே ஃப்ரீலான்ஸ் டிசைனரிடம் போட்டு வாங்கினால் இன்னொரு சிக்கல். உங்கள் சம்பள ஆள் வரைந்தால் பதிப்புரிமை உங்களுக்கு. வெளியாள் வரைந்தால், எழுதி வாங்காதவரை, பொதுவாக அவருக்கு. எழுதி வாங்கினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் நிரப்பிவிடுங்கள்.

ரிஜெக்‌ஷன் வந்தால் யார் தலையில்?

முதலில் அளவு. ஒரே போரை உங்கள் கேஜ் ஒரு மாதிரி காட்டும், அவருடையது வேறு மாதிரி. ஒத்துவராத பீஸை இருவருக்கும் பொதுவான மூன்றாவது இடத்தில் அளக்க வேண்டும். தும்கூர் ரோட்டில் 1962 முதல் இயங்கும் மத்திய அரசின் சி.எம்.டி.ஐ. (மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்) மாதிரி ஓர் ஆய்வகத்தின் பெயரை ஒப்பந்தத்திலேயே போட்டு, தோற்றவர் டெஸ்டிங் கட்டணம் கட்ட வேண்டும் என்று எழுதினால், பாதிச் சண்டை டெஸ்டிங் வரைக்கும் போகாமலே அடங்கிவிடும்.

அடுத்தது டெபிட் நோட், அதாவது நஷ்டத்தை ஒருவர் பில்லில் பிடிக்கும் சீட்டு. இதில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. கோளாறை மறைத்தவருக்கும் தானாக வந்து சொன்னவருக்கும் ஒரே டெபிட் போட்டால், அடுத்த மாதம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சரக்கு கிளம்புமுன் சொன்னால் பாதி நஷ்டத்தை எல்லாரும் பகிர்வோம், மறைத்துப் பிடிபட்டால் முழுதும் அவருக்கே என்று விதி வையுங்கள். மேலே சொன்ன ஃபர்னஸ் ஆபரேட்டர் வாய் திறக்க வேண்டுமென்றால் அவர் முதலாளிக்கு இந்த உத்தரவாதம் வேண்டும்.

முதல் தப்புக்கே வெளியேற்றம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. வீறாப்பாக இருக்கும், ஆனால் யாரும் அதை அமல்படுத்துவதில்லை. 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ராம் பாசனக் கால்வாய், மீன்பிடி ஊர்கள் என்று பல இடங்களை ஆராய்ந்தார். நீண்ட நாள் நிலைத்த கூட்டு ஏற்பாடுகளில் தண்டனை சின்னதாக ஆரம்பித்துத்தான் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கண்காணித்ததும் உள்ளே இருந்தவர்களே, அல்லது அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பிலேயே ஓடுகிறதே, போதுமா?

தகவலுக்குப் போதும், டிராயிங்குக்குப் போதாது. ரிவிஷன் 'பி' மேலே போய்விடும், காலையில் வந்தவர் கண்ணில் படுகிற 'ஏ'வை வைத்து ஓட்டுவார். டிராயிங் ஒரே ஃபோல்டரில், பழைய ரிவிஷன் அங்கே இருக்கவே கூடாது. மாற்றத்தை வாயால் சொல்லும்போது தமிழ், கன்னடம், ஹிந்தி எதில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். எண்ணும் அதன் அளவு அலகும் மட்டும் தாளில் இருக்கட்டும்.

பேமெண்ட் இழுத்தடித்தால்?

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு யூனிட் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது என்கிறது 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பாக்கி நிற்கிற யூனிட் எந்த நுணுக்கத்தையும் சொல்லாது என்பது தனிக்கதை.

தகராறு முற்றினால் எங்கே போவது?

பீனியா கர்நாடகத்தில், ஓசூர் தமிழ்நாட்டில். எந்த ஊர் என்பதை இப்போதே எழுதுங்கள். நடுவர் மன்றம் என்றால் பழைய டெம்ப்ளேட்டில் 'எங்கள் மேனேஜிங் டைரக்டர் நடுவரை நியமிப்பார்' என்று இருக்கும், அதை வெட்டிவிடுங்கள். விவகாரத்தில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தனியாக நடுவரை நியமிப்பது செல்லாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்கட்டமாக இரண்டு முதலாளிகளும் நேரில் உட்கார்ந்து பேச ஏழு நாள் என்று வைத்தால் செலவு மிச்சம்.

அவசர நேரத்தில் இந்த விதியெல்லாம் யார் பார்ப்பது?

1997 பிப்ரவரி 1-ம் தேதி ஜப்பானில் கரியா ஊரில் ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் போகும் ஒரு சின்ன வால்வு பெரும்பாலும் அங்கேதான் தயாராகியிருந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். டொயோட்டாவின் லைன்கள் நின்றன. ஐசின் தன் டிராயிங்குகளை எடுத்துக் கொடுத்தது. தையல் மெஷின் செய்கிற கம்பெனி உட்பட 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விலை பேசாமல், காகிதம் கேட்காமல் வால்வு செய்ய இறங்கின. ஒரு வாரத்துக்குள் கார் உற்பத்தி பெருமளவு திரும்பிவிட்டது.

இதைக் காட்டி 'பாருங்கள், விதியே வேண்டாம்' என்பார்கள். ஆனால் 1943-லேயே டொயோட்டாவின் சப்ளையர்களுக்கென்று க்யோஹோகாய் என்ற சங்கம் இருந்தது. யார் யாரிடம் எந்த மெஷின் இருக்கிறது, யார் எதை நம்பிச் செய்யலாம் என்று அவர்களுக்குப் பல வருடங்களாகத் தெரியும். நீங்கள் சேர்ந்து இரண்டு ஆர்டர்தான் ஆகிறது என்றால், அவசரத்திலும் 'இந்த ரிவிஷன், இந்த வேலைக்கு மட்டும்' என்று ஒரு வரி மெசேஜாவது போடுங்கள். காகிதம் மறுநாள் வரட்டும்.

ஒருவர் விலகினால் எதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும்?

ஃபிக்சர், கேஜ், மாஸ்டர் பீஸ், பிரின்ட் எடுத்த டிராயிங் எல்லாம் சலான் போட்டு வாங்குங்கள். மறந்துபோவது சி.என்.சி. மெஷினின் மெமரியில் கிடக்கும் புரோகிராமும், புரோகிராமரின் பென் டிரைவும், ஆபரேட்டர் போனில் எடுத்த செட்டிங் போட்டோக்களும். அழித்துவிட்டோம் என்று கையெழுத்து வாங்குங்கள். ஷேர் ஃபோல்டரின் அனுமதியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், குரூப்பிலிருந்தும் சொல்லிவிட்டு நீக்குங்கள். ரிஜெக்‌ஷன் பதிவுகளை மட்டும் இரு தரப்பும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாகம் ஃபீல்டில் ஓடும் வரைக்கும் கஸ்டமர் எப்போது வேண்டுமானாலும் கேட்பார், ரகசியம் காக்கும் கடமை எத்தனை வருடம் என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.